மைனஸ் இருபத்திரண்டு

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறு எங்கே என்று கேட்காதீர்கள்.
நூற்பாலைகள் வந்த காலத்தில்
குழாய்க்குள் தள்ளி மேலே சாலை போட்டுவிட்டார்கள்.
வூட்ச் நகரில் இன்று முப்பத்தேழு.
தார் இளகி
என் செருப்பைக் கேட்கிறது.

எனக்கு வேலை குளிரில்.
உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்த பியெரோகி
கல்லாய் உறைந்து
பெட்டி பெட்டியாய்க் கூரைவரை நிற்கும் கிடங்கு.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
மைனஸ் இருபத்திரண்டு.
இமையில் பனி கட்டும்.
நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து
விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வேன்,
பத்தும் இருக்கும்,
பத்தும் யாருடையவோ.

வீடு ஐந்தாம் மாடி.
கட்டியவர்கள் குளிருக்குப் பயந்தவர்கள்.
போதாதென்று போன வருடம்
சுவரெங்கும் ஒரு சாண் தெர்மாகோல் ஒட்டி
மஞ்சள் வண்ணம் அடித்துப் போனார்கள்,
உள்சூடு வெளியே போகாதாம்.
போகவில்லை.
இவ்வளவு சொன்ன சொல் கேட்கும் சுவரை
நான் பார்த்ததில்லை.

ஏ.சி. மாட்ட அனுமதி கேட்டோம்.
முகப்பின் அழகு கெடும் என்று
முத்திரை குத்தி பதில் வந்தது.
கடிதத்தால் விசிறிக்கொண்டோம்.
கெட்டித் தாள், நல்ல காற்று.

ஜன்னலுக்கு அலுமினியத் தாள்.
கதவில் ஈரப் போர்வை,
அரை மணியில் அப்பளம்.
மகள் ஒத்திலியா
தண்ணீரில்லாத குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு
துடுப்பு வேண்டும் என்கிறாள்.
துணி துவைக்கும் குச்சியைக் கொடுத்தேன்.
எங்கே போகிறாய் என்றேன்.
ஆற்றுக்கு, என்றாள்.

எதிர் வீட்டில் ஸ்னிழானா,
ஹார்கிவிலிருந்து வந்தவள்.
பெயரில் மட்டும் பனி.
எட்டாம் மாதம்.
மாடிப்படியின் சிமெண்டில்
கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
அங்குதான் சற்றுக் குளிர்ச்சி, பூனைக்கும் தெரியும்.
கணுக்கால் ரொட்டிமாவுபோல் ஊதியிருக்கிறது.
அமுக்கினால் குழி விழுந்து
குழி அப்படியே நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை
கிடங்குக் கோட்டை லாக்கரில் வைக்கவில்லை.
அது விதிக்கு எதிர்.
பஞ்சுக்குள் எட்டு மணிநேரக் குளிர்.
உள்ளை உள்ளாகவே சுருட்டி
துண்டில் கட்டி
டிராமில் மடியில் வைத்துக்கொண்டேன்,
கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல்.
பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.
தூங்குகிறது என்றேன்.

படியிலேயே அவிழ்த்து
அவள் முதுகில் போர்த்தினேன்.
அடக் கடவுளே என்று
அவள் மொழியில் ஏதோ சொன்னாள்,
எந்த மொழியிலும் அப்படித்தான் சொல்வார்கள்.
ஒத்திலியா ஓடி வந்து
ஒரு கையுறைக்குள் முழங்கைவரை விட்டு
முகத்தைக் காலரில் புதைத்தாள்.
மீன் நாற்றம், என்றாள்.
எடுக்கவில்லை முகத்தை.

இவன் உதைக்கிறான், என்று ஸ்னிழானா
என் கையை இழுத்து வைத்தாள்.
நன்றியா புகாரா
தெரியவில்லை.

பதினெட்டு நிமிடம்.
கடிகாரம் பார்த்தேன்.
பிறகு அது வெறும் கோட்டு,
ஆகஸ்டில் ஒரு கோட்டு,
எல்லோரும் அதைத் தள்ளி வைத்தோம்.

வியாழக்கிழமை
கிடங்கில் ஆறு கோட்டுகளைக் காணவில்லை என்று
மேற்பார்வையாளர் தாள் ஒட்டினார்.
நான் எடுத்தது ஒன்று.

காலை ஆறேகால் டிராமில் கவனித்தேன்.
முன் இருக்கையில் யாத்விகா,
பொட்டலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு.
கதவருகே லேபிள் ஒட்டும் பையன்,
சட்டை பொத்தான்கள் விரியும் அளவுக்கு
எதையோ உள்ளே அடைத்துக்கொண்டு,
வயிற்றில் ஈரம் படர.
கடைசி வரிசையில் இன்னும் இருவர்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நிறுத்தங்கள் நீளமாக வந்தன.

அவரவர் நிறுத்தத்தில்
இறங்கியதும் ஓடினோம்.
எனக்கு ஐம்பத்தொரு வயது,
ஐந்து மாடி,
லிஃப்டில் ‘பழுது’ என்ற அட்டை.
நின்று மூச்சு வாங்கினால்
ஒரு நிமிடம் உருகும்.